பூட்டு, சாவி, பாக்குவெட்டி!
சர்க்கரை தின்னும் கிருமியின் சிக்கனம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் இருக்கிறது காட்டூர். அதை அடுத்தது திருவெறும்பூர். அங்கே குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு எறும்பீசர் என்று பெயர். தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து அவரைப் பூஜித்தார்கள் என்பது தல புராணம்.

எறும்பு என்றதும் சர்க்கரைதான் நினைவுக்கு வரும். வெல்லத்தை எந்தப் பானையில் ஒளித்து வைத்தாலும் எறும்பு மோப்பம் பிடித்து வந்து விடும்.

எறும்பைவிட ஆயிரம் மடங்கு சிறிய ஜீவன் ஒன்று இருக்கிறது. அதற்கும் சர்க்கரை என்றால் உயிர். அதைத் தேடி வெளியே போக வேண்டாம். காட்டூரில் உள்ளவர்கள் வயிற்றிலும் அது இருக்கிறது. கல்கத்தாவில் உள்ளவர்கள் வயிற்றிலும் இருக்கிறது.

அதற்கு மூளை கிடையாது. கண் கிடையாது. மூக்கும் கிடையாது. ஆனாலும் எந்தச் சர்க்கரையை முதலில் தின்பது, எதைப் பிறகு தின்பது என்று வெகு கணக்காக நடந்து கொள்கிறது!

இது எப்படி என்று கண்டுபிடித்தவர்களுக்கு 1965-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்று விடவில்லை. நீரிழிவு நோயாளிக்கு மருந்து செய்ய வழி காட்டியது. குடிதண்ணீர்ச் சோதனையில் நடப்பது என்ன என்பதையும் விளக்கியது.

குடலில் குடியிருப்பவர்

அந்தக் கிருமியின் பெயர் ஈ.கோலி. 1885-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த தியோடார் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர், கைக்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டார். அவர் பெயரைச் சேர்த்தே இதற்குப் பின்னாளில் பெயர் வைத்தார்கள்.

மனிதர், மாடு, ஆடு இவற்றின் குடல்தான் இதன் வீடு. ஐந்நூறு கிருமிகளை நீளவாக்கில் வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர் வரும். அவ்வளவு சிறியது.

நல்ல உணவும் இதமான சூடும் கிடைத்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒன்று இரண்டாகும். காலை 6 மணிக்கு ஒரே ஒரு கிருமி. 8 மணிக்கு 64. பகல் 12 மணிக்கு 2 லட்சத்து 62 ஆயிரம்!

இவற்றில் பெரும்பாலானவை சாது. நம்மோடு ஒட்டி வாழ்ந்து விட்டுப் போகின்றன. சில பொல்லாத வகைகள் மட்டும் பேதியையும் சிறுநீர்க் கோளாறையும் உண்டாக்கும்.

மாடிப்படி போல ஒரு கோடு

பாரிஸ் நகரில் ஜாக் மோனோ என்ற இளம் விஞ்ஞானி இருந்தார். 1940-ம் ஆண்டு. இரண்டாம் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. பாரிஸ் ஜெர்மானியரின் பிடியில் இருந்தது.

மோனோ கண்ணாடிக் குடுவைகளில் கிருமிகளை வளர்த்தார். அளந்து அளந்து சர்க்கரை கொடுத்தார். கிருமிகள் பெருகப் பெருகத் தெளிந்த நீர் கலங்கும். எவ்வளவு கலங்குகிறது என்று பார்த்துக் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு வரைந்தார்.

ஒரு நாள், ஒரு சர்க்கரைக்குப் பதில் இரண்டு சர்க்கரைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சில ஜோடிகளில் விசேஷம் ஒன்றும் இல்லை. கோடு சீராக ஏறியது. உணவு தீர்ந்ததும் நின்றது.

ஆனால் குளுகோசையும் பால் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தபோது விசித்திரம் நடந்தது. கோடு விறுவிறுவென்று ஏறியது. பிறகு சமமாகப் படுத்தது. கிருமிகள் பெருகவே இல்லை. சிறிது நேரம் சென்றதும் கோடு மீண்டும் ஏறத் தொடங்கியது. பார்ப்பதற்கு மாடிப்படி போல இருந்தது.

கிருமிகள் முதலில் குளுகோசை மட்டும் தின்று தீர்த்திருக்கின்றன. பால் சர்க்கரை பக்கத்திலேயே இருந்தும் தொடவில்லை. குளுகோஸ் தீர்ந்த பிறகு கொஞ்சம் ஓய்வு. அதன் பிறகே பால் சர்க்கரை! 1941-ம் ஆண்டில் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சி நூலில் மோனோ இதை எழுதினார்.

அந்த ஓய்வு நேரத்தில் கிருமிக்குள் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வி அவரை இருபது ஆண்டுகள் விடவில்லை.

நடுவில் அவர் தேச விடுதலைப் போரிலும் குதித்தார். பிரெஞ்சு ரகசியப் படையில் சேர்ந்து ஜெர்மானியரை எதிர்த்தார். அவருடைய அறைக்கு வெளியே ஓர் ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு நின்றது. அதன் கால் எலும்புக்குள் ரகசியக் காகிதங்களை ஒளித்து வைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

பாக்குவெட்டி செய்யும் நேரம்

பால் சர்க்கரை என்பது இரட்டைச் சர்க்கரை. குளுகோசும் காலக்டோசும் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் ஒட்டிக் கொண்டிருப்பதே பால் சர்க்கரை. பாலில் இனிப்பு இருப்பது இதனால்தான்.

முழுக் கொட்டைப் பாக்கை அப்படியே மெல்ல முடியுமா? பாக்குவெட்டியால் வெட்ட வேண்டும். கிருமிக்கும் அதே சங்கடம்தான். பால் சர்க்கரையை இரண்டாக வெட்டினால்தான் அது பயன்படும். வெட்டுவதற்கென்று கிருமி ஒரு பொருளைத் தன் உடம்புக்குள்ளேயே செய்து கொள்கிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு என்சைம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைப் பாக்குவெட்டி என்றே சொல்லலாம்.

குளுகோசுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சீவல். வாயில் போட்டால் வேலை முடிந்தது.

கோடு படுத்த நேரத்தில் கிருமிகள் சும்மா இருக்கவில்லை. பாக்குவெட்டி செய்து கொண்டிருந்தன! பால் சர்க்கரையை உள்ளே இழுக்க ஒரு வாசலையும் அமைத்துக் கொண்டிருந்தன.

பால் சர்க்கரை இல்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமிக்குள் இந்தப் பாக்குவெட்டி விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். பால் சர்க்கரை கிடைத்து, குளுகோசும் இல்லை என்றால் அது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெருகும்.

சினிமாவில் உதித்த யோசனை

கிருமிக்குள் ஒரு சமையல் புத்தகம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 4,300 குறிப்புகள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஜீன் என்று பெயர். மரபணு என்றும் சொல்வார்கள். பாக்குவெட்டி செய்ய ஒரு குறிப்பு. வாசல் அமைக்க ஒரு குறிப்பு. இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

பால் சர்க்கரை வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரிப்பது யார்? பால் சர்க்கரையே வந்து ‘செய்’ என்று உத்தரவு போடுகிறதா?

அப்படித்தான் இருக்கும் என்று முதலில் பலர் நினைத்தார்கள். உண்மை நேர் எதிராக இருந்தது.

இதைக் கண்டுபிடிப்பதில் மோனோவுக்குத் துணை நின்றவர் பிரான்சுவா ஜாகோப். இவரும் போர் வீரர். அறுவை வைத்தியராக ஆசைப்பட்டவர். 1944-ம் ஆண்டில் நார்மண்டிப் போர்க்களத்தில் குண்டடி பட்டார். கை பழுதானதால் கத்தி பிடிக்கும் ஆசை போயிற்று. 1950-ம் ஆண்டில் பாரிசில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவிலிருந்து ஆர்தர் பார்டி என்பவரும் வந்தார். மூவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சில கிருமிகள் தம் ஜீன்களை வேறு கிருமிக்குக் குழாய் வழியாகக் கொடுப்பது உண்டு. பாக்குவெட்டி ஜீன் பழுதாகிப் போன ஒரு கிருமிக்கு, நல்ல ஜீனை இப்படிக் கொடுத்தார்கள். பால் சர்க்கரை ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் பாக்குவெட்டி உடனே தயாராகத் தொடங்கியது! சில மணி நேரத்துக்குள் உற்பத்தி நின்று விட்டது.

இதன் பொருள் என்ன? உத்தரவு இல்லாமலே பாக்குவெட்டி தயாராகும். அதைத் தடுக்க ஒருவன் வர வேண்டும். புதிதாக வந்த ஜீன்களுள் ஒன்று அந்தத் தடைக்காரனை மெல்ல மெல்லச் செய்தது. அவன் வந்து சேர்ந்ததும் வேலை நின்றது.

1958-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜாகோப் தம் மனைவியுடன் பாரிசில் ஒரு சினிமாவுக்குப் போனார். படத்தில் மனம் செல்லவில்லை. திடீரென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. அந்தத் தடை ஜீன் இருக்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்து கொள்கிறது! புத்தகத்தையே பூட்டி விடுகிறது!

விடுமுறை முடிந்து மோனோ திரும்பி வந்ததும் ஜாகோப் இதைச் சொன்னார். இருவரும் விவாதித்து, சோதித்து, 1961-ம் ஆண்டில் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். 1965-ம் ஆண்டில் அவர்கள் இருவருக்கும், ஆந்திரே லுவோப் என்ற மூத்த விஞ்ஞானிக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பூட்டைத் திறக்கும் சாவி

நடப்பது இதுதான்.

பாக்குவெட்டி ஜீனின் தலைமாட்டில் ஒரு பூட்டு தொங்குகிறது. பூட்டு இருக்கும்வரை அந்தப் பக்கத்தை யாரும் படிக்க முடியாது.

பால் சர்க்கரை உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் உருமாறிச் சாவியாகிறது. சாவி பூட்டில் பொருந்துகிறது. பூட்டு கழன்று விழுகிறது. பக்கம் திறக்கிறது. பாக்குவெட்டிகள் தயாராகின்றன. பால் சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் சாவியும் தீர்ந்து விடும். பூட்டு பழைய இடத்தில் போய் மாட்டிக் கொள்ளும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். வாசலே இல்லாதபோது முதல் பால் சர்க்கரை உள்ளே நுழைவது எப்படி?

எந்தப் பூட்டும் எப்போதாவது ஒரு கணம் நழுவும் அல்லவா? அந்தக் கணத்தில் ஒன்றிரண்டு வாசலும், ஒன்றிரண்டு பாக்குவெட்டியும் தயாராகி விடும். முதல் சர்க்கரை அந்த வழியாக நுழையும். அதைச் சாவியாக மாற்றுவதும் அந்தப் பாக்குவெட்டிதான்!

சரி, குளுகோஸ் இருக்கும்போது பால் சர்க்கரையை ஏன் தொடுவதில்லை? அதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. குளுகோஸ் உள்ளே வந்து கொண்டிருக்கும் வரையில், பால் சர்க்கரையின் வாசலுக்குத் தாழ்ப்பாள் போடப்படுகிறது. இது ஒன்று. பாக்குவெட்டிப் பக்கத்தை வேகமாகப் படிக்க ஓர் உதவியாளர் வேண்டும். குளுகோஸ் குறைந்தால்தான் அந்த உதவியாளர் வேலைக்கு வருவார். இது இன்னொன்று.

நெல்லுச் சோறு தட்டில் இருக்கையில் யாராவது கேழ்வரகை எடுத்துக் கொண்டு திரிகைக்குப் போவார்களா? கிருமியும் போவதில்லை.

ஒரு பாக்குவெட்டி செய்யக் கிருமிக்குப் பொருள் செலவு உண்டு. சக்திச் செலவும் உண்டு. தேவை இல்லாதபோதும் அதைச் செய்து தள்ளும் கிருமிகள் வளர்ச்சியில் பின்தங்குகின்றன. இது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தலைமுறை என்று ஓடும் போட்டியில், சிறிது பின்தங்கினாலும் வம்சம் அழியும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழி கிருமி உலகத்துக்கும் பொருந்துகிறது.

இந்தியர் பங்கு

1961-ம் ஆண்டில் பூட்டு ஒரு கற்பனையாகவே இருந்தது. யாரும் பார்த்ததில்லை. 1966-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில் என்ற இருவர் அதைத் தனியே பிரித்து எடுத்தார்கள். அது ஒரு புரதம். ஒரு கிருமிக்குள் சுமார் பத்தே பத்துப் பூட்டுகள்தான் இருக்கும்!

காலக்டோஸ் சர்க்கரைக்கும் இதேபோல் தனிப் பூட்டு உண்டு. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் இந்தியாவில் பிறந்த சங்கர் ஆத்யா. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்தவர். அந்தச் சர்க்கரைக்கு ஒரு இடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் பூட்டு மாட்டப்படுகிறது என்று 1983-ம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எஸ். மகாதேவன் வேறொரு புதிரை எடுத்துக் கொண்டார். செடி கொடிகளில் உள்ள சில சர்க்கரைகளைத் தின்பதற்கும் ஈ.கோலியிடம் ஜீன்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரணமாக அவை உறங்கிக் கிடக்கின்றன. அந்தச் சர்க்கரையையே கொடுத்தாலும் விழிப்பதில்லை. ஜீன் ஏட்டில் அபூர்வமாக ஒரு மாறுதல் நேர்ந்தால்தான் விழிக்கும். விழித்த பிறகு அவை எப்படிக் கட்டுப்படுகின்றன என்பதில், 1987-ம் ஆண்டில் ஆண்ட்ரூ ரைட் என்பவருடன் சேர்ந்து மகாதேவன் வெளியிட்ட கட்டுரை ஒரு புது முறையைக் காட்டியது. பூட்டு அல்ல, பாதி படித்ததும் ‘நிறுத்து’ என்று சொல்லும் தடைக்கல். சர்க்கரை வந்தால் அந்தக் கல் அகலும்!

குடிநீரில் பிடிபடும் திருடன்

இவ்வளவும் காட்டூர்க் குடும்பத்துக்கு எதற்கு?

திருச்சிக்குக் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளில் உள்ள கிணறுகளிலிருந்து குடிதண்ணீர் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் பளிங்கு போல இருந்தாலும், வரும் வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. குழந்தைகளின் வயிற்றுக்குத்தான் தெரியும்.

இங்கேதான் பாக்குவெட்டி உதவுகிறது.

சோதனைச் சாலையில் பால் சர்க்கரை கலந்த ஊதா நிறக் குழம்பை வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீரை விட்டு, உடம்புச் சூட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்கிறார்கள். குடல் கிருமி இருந்தால் அதன் பூட்டு திறக்கும். பால் சர்க்கரையை வெட்டித் தின்னும். தின்றதும் புளிப்பு உண்டாகும், ஊதா மஞ்சளாகும். வாயுவும் கிளம்பும். உள்ளே கவிழ்த்து வைத்த சிறு கண்ணாடிக் குழாயில் அந்த வாயு குமிழியாக நிற்கும். திருடன் பிடிபட்டான்!

பால் சர்க்கரை தின்னும் வேறு கிருமிகளும் உண்டு. அதனால் 44 டிகிரி சூட்டில் மறுபடி சோதித்து உறுதி செய்கிறார்கள். இன்னொரு முறையில், பாக்குவெட்டி வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் ஒரு மருந்தையே சர்க்கரைக்குப் பதில் கொடுத்து விடுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. டைபாய்டு கிருமிக்குப் பால் சர்க்கரையை வெட்டும் பாக்குவெட்டி கிடையாது. இந்தச் சோதனையில் அது நேராகச் சிக்காது. ஆனால் டைபாய்டு வருவதும் மலம் கலந்த நீரால்தான். ஈ.கோலி இருக்கிறது என்றால் மலம் கலந்திருக்கிறது. டைபாய்டும் காலராவும் நுழைய வழி திறந்திருக்கிறது என்று பொருள். ஈ.கோலி, அபாயத்தை முன்னதாகச் சொல்லும் தண்டோராக்காரன்.

குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ.கோலிகூடத் தென்படக் கூடாது என்பது இந்தியத் தர விதி. 1971-ம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் தண்ணீர்ச் சோதனைச் சாலைகளை நடத்துகிறது. சந்தேகமான தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் இந்தக் கிருமிகள் பிழைப்பதில்லை. கொதித்த நீரை மூடி வைக்க வேண்டும். அழுக்குக் கையை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது.

நீரிழிவுக்கு மருந்து

பிடிபட்ட திருடனை வேலைக்கு வைத்துக் கொண்டால் எப்படி? விஞ்ஞானிகள் அதையும் செய்தார்கள்.

நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி போடுவது தெரிந்ததே. அந்த மருந்து 1921-ம் ஆண்டில் கனடா நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நீண்ட காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அதை எடுத்தார்கள். சிலருக்கு அது ஒத்துக் கொள்ளவில்லை.

1978-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு புது வழி பிறந்தது. மனித இன்சுலினுக்கு உரிய ஜீனை ஈ.கோலிக்குள் நுழைத்தார்கள். நுழைத்த இடம் எது தெரியுமா? பாக்குவெட்டி ஜீனோடு ஒட்டினாற்போல! பாக்குவெட்டிக்காகத் திறக்கும் கதவு இன்சுலினுக்காகவும் திறந்தது. கிருமி, மனித இன்சுலினைச் செய்து கொடுத்தது. 1982-ம் ஆண்டில் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது.

அந்த வேலையைச் செய்த கிருமிகளுக்கு இன்சுலின் என்றால் என்ன என்று தெரியாது. கதவு திறந்தது, எழுதியிருந்ததைப் படித்தன, செய்தன. அவ்வளவுதான்.

நம் உடம்பிலும் உண்டு

பால் சர்க்கரையை வெட்டும் பாக்குவெட்டி மனிதக் குடலிலும் உண்டு. அது வேறு வகையைச் சேர்ந்தது. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் அது மும்முரமாக வேலை செய்யும். பால் மறந்த பிறகு உலகில் பெரும்பாலோருக்கு அந்த ஜீன் மெல்ல அடங்கி விடும். வயது வந்த சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவது இதனால்தான். அவர்களே தயிர் சாப்பிட்டால் அவ்வளவு தொல்லை இருப்பதில்லை. பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிர்க் கிருமிகள் முன்பே தின்று புளிப்பாக மாற்றி விட்டிருக்கும்.

அது மட்டும் அல்ல. மனிதனுடைய கண்ணிலும் ஈரலிலும் தோலிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே ஜீன் புத்தகம்தான். ஆனால் கண் கண்ணாக இருக்கிறது. ஈரல் ஈரலாக இருக்கிறது. எந்த உறுப்பில் எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது பூட்டியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதே காரணம். மனித உடம்பின் பூட்டுகள் கிருமியின் பூட்டைவிடப் பன்மடங்கு சிக்கலானவை. அந்த ஏற்பாடு குலைந்து, மூடியிருக்க வேண்டிய பக்கங்கள் திறந்து விடுவதும் புற்று நோய்க்கு ஒரு காரணம்.

இப்படி ஒரு பூட்டு உண்டு என்பதை மனிதன் முதன்முதலில் தெளிவாகக் கண்டது, தன் குடலில் வாழும் இந்த அற்பக் கிருமியிடம்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறைவதில்லை.